போடன்சே ஏரியைச் சுற்றி அமைதியாகச் சைக்கிள் ஓட்ட: விசாவிலிருந்து படகுச் சீட்டு வரை

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளின் கரைகள் கொண்ட ஏரி போடன்சே. அதைச் சுற்றி ஏறத்தாழ 260 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போகிறது. படங்களைப் பார்த்தால் ஆளில்லாத பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் திராட்சைத் தோட்டம். நேரில் போனால், கோடைக் கால ஞாயிறு மதியத்தில் அதே பாதையில் மணியடித்து வழி கேட்டே கை ஓய்ந்துவிடும்.

மூன்று நாடு என்பதால் தகவல்களும் மூன்று திசைகளில் கிடக்கின்றன. விசா விதி ஓரிடம், ரயிலில் சைக்கிள் ஏற்றும் விதி வேறிடம், எந்தச் சாலையில் சைக்கிள் போகலாம் என்பது சாலையோரப் பலகையில். அலைந்து திரிந்து சேர்த்ததை, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கரையை ஒட்டிப் போகும் பிரபலமான பாதை பெரும்பாலும் அமைதியான பாதை அல்ல. அமைதி வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு: கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பழத்தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கரைப் பாதையிலேயே மற்றவர்கள் காலை உணவுக்கு உட்காரும் நேரத்தில் ஓட்டி முடித்துவிட வேண்டும். கீழே வரும் எல்லாம் இந்த இரண்டை வைத்துத்தான்.

1. மாதமும் கிழமையும் முதலில்

ஏப்ரல் கடைசியில் ஆப்பிள் மரங்கள் பூக்கும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் ஓட்டுவதற்கு நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரத்தில் ஏரி மீது மேடை போட்டு இசை நாடக விழாவும் அப்போதுதான் நடக்கும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கை சுடும்.

மே, ஜூன் என்றதும் உடனே தேதி போட்டுவிடாதீர்கள். ஈஸ்டருக்குப் பிறகு வரும் விண்ணேற்ற நாள், பெந்தகோஸ்து, கார்ப்பஸ் கிறிஸ்டி மூன்றும் அந்த இரண்டு மாதங்களில்தான் பெரும்பாலும் விழும். இவற்றில் இரண்டு வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு நான்கு நாள் விடுமுறையாக்கிக்கொண்டு பாதி தெற்கு ஜெர்மனி ஏரிக்கு வந்துவிடும். அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியைப் பார்த்து, இந்த நாட்களைத் தவிர்த்து, பயணத்தைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் ஐந்தரை மணிக்கு முன்பே விடிந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் காலை ஆறு முதல் பத்து வரை ஒரு சுற்று, மாலை ஆறு முதல் ஒன்பது வரை இன்னொரு சுற்று என்று பிரித்துக்கொண்டால், கூட்டம் திரளும் பகல் பொழுதை ஏரியில் குளித்தோ தூங்கியோ கழிக்கலாம்.

2. விசா: எந்த நாட்டிடம் கேட்பது?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். மூன்று நாடுகளும் ஷெங்கனில் இருப்பதால் ஒரே விசா போதும். எல்லையை எத்தனை முறை தாண்டினாலும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கில்லை; ஒருமுறை நுழைவு விசாவே போதும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் எந்தத் தூதரகம் என்பதுதான். விமானம் சூரிக்கில் இறங்குகிறது, ஆகவே சுவிஸ் விசா என்று நினைத்துவிடுகிறார்கள். விதி அப்படியில்லை. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான்கு இரவு ஜெர்மனி, இரண்டு இரவு சுவிட்சர்லாந்து, ஓர் இரவு ஆஸ்திரியா என்றால் ஜெர்மனி. இரவுகள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. இப்படி ஒரு சுற்றுப் பயணத்தில் ஓர் இரவைக் கரை மாற்றினாலே தூதரகம் மாறிவிடும். எனவே தங்குமிடங்களை முடிவு செய்துவிட்டு, இரவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

வேண்டிய காகிதங்கள் வழக்கமானவைதான்: பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதில் இரண்டு வெற்றுப் பக்கங்கள், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

சைக்கிள் பயணத்துக்கென்று இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, முகப்புக் கடிதத்தில் நாள்வாரியாக ஊர், தூரம், தங்குமிடம் மூன்றையும் ஒரு பட்டியலாகப் போடுங்கள். நாளுக்கொரு ஊரில் தங்குவது, பார்க்கும் அதிகாரிக்கு ஒழுங்கில்லாத திட்டமாகத் தெரியக்கூடும். ‘ஏரியைச் சுற்றிச் சைக்கிளில்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிடும். இரண்டு, காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். சாகச விளையாட்டு என்ற தலைப்பின் கீழ்ச் சைக்கிளையும் சேர்த்து விலக்கி வைத்திருக்கும் காப்பீடுகள் உண்டு. நான் முதலில் விலை கேட்ட இடத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாகப் பதினைந்து நாள். 45 நாள் வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. கோடைக்கு முன் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதுதான் உண்மையான தடை. மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவது நல்லது.

3. ஏற்கெனவே அங்கே வசிப்பவர்கள் கவனிக்க

சுவிட்சர்லாந்திலோ ஜெர்மனியிலோ வதிவிட அனுமதியோடு இருப்பவர்களுக்கு மேலே உள்ள அலைச்சல் இல்லை. ஆனால் எல்லா அனுமதியும் ஒன்றல்ல. சுவிஸில் N (புகலிட மனு நிலுவையில்), F (தற்காலிக அனுமதி) வகை அட்டை வைத்திருப்பவர்கள் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஜெர்மனியில் புகலிட மனு நிலுவையில் இருப்பவர்களுக்கும் அதே கதைதான். சுவிஸ் ஊரான குரொய்ட்ஸ்லிங்கன், ஜெர்மன் ஊரான கொன்ஸ்டன்ஸ் இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். ஏரியோரப் பூங்காவில் வரிசையாக நிற்கும் சிற்பங்கள்தான் எல்லை. வேலி கிடையாது. சைக்கிளில் போகும்போது நாடு மாறியதே தெரியாது. சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பயணம்தான்.

மற்றவர்களும் கடவுச்சீட்டின் மூலத்தையும், வதிவிட அட்டை இருந்தால் அதையும் கூடவே வைத்திருங்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் எல்லாவற்றுக்கும் சோதனையை விரிவாக்கியது. தொலைபேசியில் இருக்கும் படம் செல்லாது. மழைக்கு நனையாத உறையில் போட்டு, சைக்கிள் பையில் அல்லாமல் உடம்போடு இருக்கும் பையில் வையுங்கள்.

4. போய்ச் சேருவது

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து கொன்ஸ்டன்ஸுக்கு நேரடி ரயில் உண்டு. ஏறத்தாழ ஒரு மணி நேரம். கொன்ஸ்டன்ஸ் ஜெர்மனியில் இருந்தாலும் சுவிஸ் ரயில் அங்கே வரை வரும். முதல் தளமாக அந்த ஊரை வைத்துக்கொள்வதே வசதி. மூனிக்கில் இறங்கினால் ஏரிக்கரை ஊரான லிண்டாவுக்கு ரயில் பிடிக்கலாம்.

வீட்டுச் சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுபோவது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஒரு வாரப் பயணத்துக்கு அது வேண்டாத வேலை. வாடகைக்கு எடுங்கள்.

5. சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போது

கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் வாடகைக் கடைகள் உண்டு. சாதாரணப் பயணச் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 25 யூரோ, மின்சைக்கிளுக்கு 30 முதல் 45 யூரோ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். பல நாளுக்கு எடுத்தால் குறையும். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடலாமா என்பதை முன்பே கேளுங்கள். பெரும்பாலான சிறு கடைகளில் எடுத்த இடத்திலேயேதான் திருப்பித் தர வேண்டும். பிணையாகக் கடவுச்சீட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எல்லை தாண்டும்போது அது உங்களிடம் இருந்தாக வேண்டும். நகலும் முன்பணமும் கொடுக்கலாம்.

சக்கரத்தில் கவனம் வையுங்கள். பந்தயச் சைக்கிளின் ஒல்லி டயர் இங்கே உதவாது. தார் போட்ட தோட்டச் சாலை திடீரென்று சரளைக்கல்லாக மாறும். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட்ட சைக்கிளாகக் கேளுங்கள்.

நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு இடறல்கள் உண்டு. நம் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. அங்கே பெரும்பாலும் இடக்கைதான் முன்சக்கரம். இறக்கத்தில் பழக்க தோஷத்தில் இடக்கையை அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். இன்னொன்று, நகரச் சைக்கிள்கள் சிலவற்றில் மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் அதுவே பிரேக். கடை வாசலிலேயே ஒரு கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மின்சைக்கிள் எடுத்தால் மணிக்கு 25 கிலோமீட்டரோடு உதவி நின்றுவிடும் வகையாக எடுங்கள். 45 வரை போகும் வேக வகைக்கு எண் பலகை, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். ஜெர்மனியில் சைக்கிள் பாதைகளில் அதை ஓட்டவும் கூடாது. ஜெர்மன் மின்னேற்றியின் பருத்த உருண்டைச் செருகி சுவிஸ் சுவர்த் துளையில் நுழையாது. சுவிஸ் கரையில் இரவு தங்குவதானால் இணைப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் காலையில் கனமான சைக்கிளைக் காலால்தான் மிதிக்க வேண்டும்.

6. பலகைகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

அமைதியான சாலையைக் கண்டுபிடிப்பது வரைபடத்தைவிட இந்தப் பலகைகளில்தான் இருக்கிறது.

சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிளும் காரும் வரைந்திருந்தால், மோட்டார் வண்டிகளுக்குத் தடை. உங்களுக்கு அல்ல. இந்தப் பலகையைக் கண்டால் சந்தோஷப்படுங்கள்: உள்ளே போகும் சாலையில் டிராக்டரும் அந்தத் தோட்டத்துக்காரர்களும் தவிர யாரும் வரமாட்டார்கள். அதே வளையத்துக்குள் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் எல்லா வண்டிகளுக்கும் தடை. சைக்கிளும் அதில் சேர்த்தி. ஆனால் கீழே ஒரு சிறு பலகையில் சைக்கிள் படம் போட்டு விலக்குக் கொடுத்திருப்பார்கள், அப்போது போகலாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இரண்டிலும் இதே பொருள்தான்.

நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் இருந்தால், பக்கத்தில் ஓடும் சாலையை விட்டு அந்தப் பாதையில்தான் போக வேண்டும், அது கட்டாயம்.

வழிகாட்டும் பலகைகள் ஜெர்மன் கரையில் வெள்ளைத் தளத்தில் பச்சை எழுத்து, சுவிஸ் கரையில் சிவப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து. சுவிஸில் ஏரியை ஒட்டிப் போகும் தேசியப் பாதையின் எண் 2. எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஊர்ப் பெயர் தெரியாமலே போய்விடலாம்.

விதிகளில் நம்மவர்கள் தவறவிடுவது ஒன்று: வலப்பக்கம் ஓட்டும் நாடுகள் என்பது எல்லாருக்கும் தெரியும், பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது தெரியாது. கிராமத்துச் சந்துகளில் பெரும்பாலும் இதுதான் விதி. நீங்கள் போகும் சாலை அகலமாகவும், வலப்பக்கச் சந்து குறுகலாகவும் இருந்தாலும் நிற்க வேண்டியது நீங்கள்தான்.

அபராதங்கள் ஜெர்மனியில்: ஓட்டிக்கொண்டே தொலைபேசியைக் கையில் எடுத்தால் 55 யூரோ, சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60. வழி பார்க்கத் தொலைபேசியைக் கைப்பிடியில் மாட்டும் தாங்கி ஒன்று வாங்கிவிடுங்கள், அந்த 55 யூரோவைவிட அது மலிவு. தலைக்கவசம் பெரியவர்களுக்கு மூன்று நாட்டிலும் கட்டாயமில்லை. ஆஸ்திரியாவில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டாயம். வழியில் திராட்சைத் தோட்டங்கள் கூப்பிடும். சைக்கிளுக்கும் மது வரம்பு உண்டு, நாட்டுக்கு நாடு வேறு: சுவிஸில் 0.5, ஆஸ்திரியாவில் 0.8, ஜெர்மனியில் 1.6 பர்மில் (ரத்தத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு மது என்ற அளவு). ஜெர்மன் எண்ணைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம். விபத்தாகிவிட்டால் அங்கே 0.3 இருந்தாலே வழக்குதான்.

7. பாதைகள்

எந்தப் பாதையானாலும் கூடிய வரை ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் ஓட்டுங்கள். வலப்பக்கம் ஓட்டுவதால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். எதிரே வரும் கூட்டமும் குறைவு, ஏனென்றால் பெரும்பாலோர் இதே திசையில்தான் போவார்கள்.

கீழ் ஏரி (போடன்சேயின் மேற்குப் பகுதி). என்னைக் கேட்டால் புதிதாக வருபவர்கள் முதல் நாள் போக வேண்டியது இதுதான். காலையில் கொன்ஸ்டன்ஸிலிருந்து கிளம்பி எல்லை தாண்டிச் சுவிஸ் கரையில் காட்லீபன், எர்மாட்டிங்கன், பெர்லிங்கன், ஸ்டெக்போர்ன், மாமர்ன் வழியாக ஸ்டைன் அம் ரைன். அங்கே பாலம் தாண்டி மறுபடி ஜெர்மனிக்குள் நுழைந்து, ஓனிங்கன், கெயன்ஹோஃபன், ஹோர்ன், மோஸ் என்று ஹோரி தீபகற்பத்தைச் சுற்றி ராடால்ஃப்ஸெல். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். ஏற்றம் அதிகமில்லை. பெரிய ஏரியின் வடகரையில் இருக்கும் கூட்டத்தில் பாதிகூட இங்கே இல்லை. சுவிஸ் கரை முழுக்க ரயில் பாதை கூடவே வருவதால், கால் ஓய்ந்தால் அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். ராடால்ஃப்ஸெல்லிலிருந்து கொன்ஸ்டன்ஸ் வரை உள்ள மிச்சத் தூரத்தைச் சைக்கிளில் முடிக்க ஆசைப்படாதீர்கள்; பாதையின் ஒரு பகுதி நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே போகிறது. அரை மணிக்கு ஒரு முறை வரும் சேஹாஸ் ரயில் போதும்.

ஹோரி பகுதியில் கரைப் பாதை, மேட்டுப் பாதை என்று இரண்டு உண்டு. மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்றால் ஷீனர்பெர்க் குன்றின் மேல் ஏறுங்கள். குன்றின் உச்சி 700 மீட்டரைத் தாண்டும். ஏரி இருப்பது 395 மீட்டரில். மேலே போனதும் சத்தமே இருக்காது.

போடான்ரூக். கொன்ஸ்டன்ஸுக்கு வடமேற்கே இரண்டு ஏரிக் கைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மேடு. லிட்ஸல்ஸ்டெட்டன், டிங்கல்ஸ்டோர்ஃப், வால்ஹவுஸன் வரை கரை. அங்கிருந்து லாங்கன்ரைன் ஏறி, லிகெரிங்கன், மோகிங்கன் வழியாக மிண்டல்சே என்ற குட்டி ஏரியைத் தொட்டு ராடால்ஃப்ஸெல் இறங்கலாம். ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு. காடும் மேய்ச்சல் நிலமும்தான் துணை. வால்ஹவுஸன் வரை வந்துவிட்டு ஏற மனமில்லையா, சரி, சைக்கிளோடு சிறு படகில் ஏறி எதிர்க்கரை ஊபர்லிங்கனுக்குப் போய்விடலாம். படகு நேரத்தை முதல் நாளே பாருங்கள்.

லின்ஸ்காவ் பழத்தோட்டங்கள். வடகரையின் ஊபர்லிங்கனிலிருந்து ஏரிக்கு முதுகு காட்டி உள்ளே திரும்புங்கள். ஓவிங்கன், ஃப்ரிக்கிங்கன், சாலெம், மார்க்டோர்ஃப். நான் மேலே சொன்ன கார்-மோட்டார் சைக்கிள் தடைப் பலகைகளை இந்தப் பகுதியில் தாராளமாகப் பார்ப்பீர்கள். வரைபடச் செயலி முதன்மைச் சாலையைக் காட்டினால், ஒரு வயல் தள்ளி இணையாக ஒரு தோட்டச் சாலை போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் போகும். ஃப்ரிக்கிங்கனிலிருந்து ஹைலிகன்பெர்க் கோட்டைக்கு ஏறினால் ஏரியைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம். ஏறுவது கார்களும் வரும் சாலை என்பதால் காலையில் ஏறுங்கள். சாலெமிலும் மார்க்டோர்ஃபிலும் ரயில் நிலையம் உண்டு. மார்க்டோர்ஃபோடு நிறுத்திக்கொண்டு ரயிலேறுவது உத்தமம். அதன் பிறகு ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை வண்டிப் போக்குவரத்து அதிகம்.

டெட்னாங் ஹாப்ஸ் தோட்டங்கள். பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியை உயரமான கம்பங்களில் ஏற்றி வளர்க்கிறார்கள். நம் வெற்றிலைக் கொடிக்காலை மூன்று ஆள் உயரத்துக்கு இழுத்துவிட்டது போலிருக்கும். லாங்கன்ஆர்கன் அருகே ஆர்கன் ஆற்றின் மேல் 1898இல் கட்டிய தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டு, டெட்னாங் பக்கம் ஏறி, க்ரெஸ்ப்ரோன், நோனன்ஹோர்ன், வாஸர்பர்க் வழியாக லிண்டாவில் முடிக்கலாம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. தோட்டச் சாலையில் சரக்கு ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

ரைன் முகத்துவாரம். ஆஸ்திரியக் கரையில் ஹார்ட், ஃபுஸாக், ஹோக்ஸ்ட், கைஸாவ் வழியாகச் சுவிஸ் ஊரான ரைன்எக் வரை. முழுக்கச் சமதளம், பிள்ளைகளோடு போக ஏற்றது. நாணல் காடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் இங்கே வர வேண்டாம், அணை மேல் மறைவே கிடையாது.

தவிர்க்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரெகென்ஸிலிருந்து லோகாவ் வழியாக லிண்டா வரை பகலில் நடப்பவர்களும் குளிப்பவர்களும் நெருக்கியடிப்பார்கள். ஸிப்லிங்கன், லுட்விக்ஸ்ஹாஃபன் பகுதியில் பாதை பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஊன்டர்ஊல்டிங்கன், மேர்ஸ்பர்க், ஹாக்னாவ் வழியே போயே ஆக வேண்டுமென்றால் காலை எட்டுக்கு முன் கடந்துவிடுங்கள். லிண்டா பழைய நகரம் ஒரு தீவு. அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

8. படகும் ரயிலும்

முழுச் சுற்றையும் ஓட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், படகுகளை வைத்தே சலிப்பான பகுதிகளை வெட்டிவிடலாம். கொன்ஸ்டன்ஸ்–மேர்ஸ்பர்க் வாகனப் படகு ஆண்டு முழுக்க, இரவு பகலாக ஓடும். கடக்கக் கால் மணி நேரம். ஆளுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துப் பத்து யூரோவுக்குள் முடியும். முன்பதிவு கிடையாது. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன்–ரோமான்ஸ்ஹோர்ன் படகு முக்கால் மணிக்குள் நாட்டையே மாற்றிவிடும். கொன்ஸ்டன்ஸ்–ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் கட்டமரான் என்ற இரட்டை அடிப்பகுதிப் படகில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்னதாகப் போய் நில்லுங்கள். கரையோர ஊர்களைத் தொட்டுச் செல்லும் பயணக் கப்பல்கள் பருவ காலத்தில் மட்டும்தான்.

ரயில் விதி கரைக்குக் கரை மாறும். கொன்ஸ்டன்ஸ் உட்பட ஜெர்மன் கரையின் பெரும்பகுதி இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வார நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை தவிர மற்ற நேரம் சைக்கிள் இலவசம். சனி, ஞாயிறு நாள் முழுக்க இலவசம். லிண்டா பவேரியா என்ற வேறு மாநிலத்தில் இருக்கிறது; அங்கே சைக்கிளுக்குத் தனிச் சீட்டு. சுவிஸிலும் தனிச் சீட்டு வேண்டும். நகரங்களுக்கு இடையே ஓடும் வேக ரயில்களில் கோடையில் சைக்கிளுக்கு முன்பதிவும் தேவைப்படலாம். ஜெர்மனியின் மாதாந்திரப் பயணச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதில் சைக்கிளும் சேர்த்தி என்று நினைத்துவிடக் கூடாது, சேராது.

வடகரையில் பல ஊர்களில் தங்கினால், விடுதியிலேயே விருந்தினர் அட்டை தருவார்கள். அதைக் காட்டினால் அந்தப் பகுதிப் பேருந்தும் ரயிலும் இலவசம். அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதற்கான காசை ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியாக ஏற்கெனவே வாங்கிவிடுகிறார்கள்.

9. வானிலை, தண்ணீர், கடை, தொலைபேசி

ஏரிக்கரையில் ஆங்காங்கே ஆரஞ்சு விளக்குகள் நிற்கும். நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று எச்சரிக்கை, 90 முறை சிமிட்டினால் புயல் எச்சரிக்கை. படகோட்டிகளுக்காக வைத்தது என்றாலும், வேகமாகச் சிமிட்டும்போது சைக்கிளை விட்டு இறங்கிக் கூரை தேடுவது புத்திசாலித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று நாட்டிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். தவறினால் ரயில் நிலையக் கடைகள்தான் கதி. சுவிஸ் கிராமங்களில் தெருவோர ஊற்றுத் தொட்டிகளில் விழும் தண்ணீர், குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய, குடிக்க ஏற்றது. ஜெர்மனியில் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். ஊர்க்காரச் சைக்கிள்காரர்களே அங்கேதான் நிரப்பிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாங்கிய சிம் அட்டை சுவிட்சர்லாந்தில் செல்லாமல் போகலாம், அல்லது தனிக் கட்டணம் ஏறலாம். கொன்ஸ்டன்ஸிலும் ஹோரி கரையிலும் நீங்கள் ஜெர்மனியில் நின்றாலும் தொலைபேசி எதிர்க்கரைச் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தரவை (ரோமிங்) அணைத்துவிட்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. செலவை எங்கே குறைக்கலாம்

சுவிஸ் கரையில் சாப்பாடும் அறையும் தெளிவாக விலை கூட. ஜெர்மன், ஆஸ்திரியக் கரைகளில் தங்கி, சுவிஸ் கரையைப் பகலில் ஓட்டிவிட்டுத் திரும்புவதே சிக்கனம். விசாவுக்கான இரவுக் கணக்கும் குழம்பாது. கொன்ஸ்டன்ஸ், ஊபர்லிங்கன், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் மூன்றிலும் இளைஞர் விடுதி உண்டு, வயதானவர்களும் தங்கலாம். காலை உணவோடு ஒரு படுக்கை 40 யூரோவைச் சுற்றி வரும். ஜெர்மனி விடுதிகளில் உறுப்பினர் அட்டை கேட்பார்கள். இந்திய இளைஞர் விடுதிச் சங்கத்தின் அட்டை அங்கே செல்லும். ஊரிலேயே வாங்கிக்கொண்டு போனால் மலிவு. வெளிநாட்டவர் என்பதால் விடுதியில் பதிவுப் படிவம் நிரப்பிக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும், அதற்கும் அதைக் கையோடு வைத்திருங்கள்.

சுவிஸில் பிராங்க் நோட்டு மாற்ற வேண்டியதில்லை, அட்டை எங்கும் செல்லும். நேர்மாறாக, ஜெர்மன் கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் தோட்டத்து வாசலில் ஆப்பிள் கூடையோடு வைத்திருக்கும் காசுப் பெட்டியிலும் ரொக்கம்தான். ஐந்து, பத்து யூரோ நோட்டுகளும் கொஞ்சம் சில்லறையும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கடைசி நாளில் சைக்கிளைத் திருப்பித் தருவதற்கு முன் கடை மூடும் நேரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும் கடைகள் இருக்கின்றன. ஞாயிறு விமானம் என்றால் வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சைக்கிளை நான்கு பக்கமும் படம் எடுத்து, முன்பணம் திரும்பியதற்கான ரசீதையும் வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புங்கள்.